பெரிய திரை

சவப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அதை வைக்க இடம் பண்ணுவதற்காக நாலு பேர் கம்ப்யூட்டர் மேசையைத் தூக்கப் போனார்கள்.

"தொடாதிய! வீடியோ எக்ஸ்போர்ட் ஓடுது!" என்று கத்தினாள் ஜெமி.

நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். நாலு மணிக்கு அடக்க ஆராதனை. அதற்கு முன்னால் அப்பாவின் வீடியோ ஓட வேண்டும் என்று விடியற்காலையிலேயே எடிட் பண்ண உட்கார்ந்தவள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. ஜாய்லினுக்கு மகளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

போன வாரம்தான் அப்பா ஜெர்சோன் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். டிவி வாங்குகிற மாதிரி வாங்கியிருந்தார் மனுசன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. திரை பெரிசாக இருந்தால் பிள்ளைக்கு எடிட்டிங் சுளுவாக வரும் என்று நினைத்துவிட்டார்.

"இது டைப் அடிக்கத்தாம்ப்பா ஆகும். ஒங்கள யாரு தனியாப் போயி வாங்கச் சொன்னா?" என்று வெடித்த ஜெமி, அப்புறம் மூன்று நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று மதியம், "மாத்தச் சொல்லிட்டு வாரேன். அவகிட்ட சொல்லிராத," என்று ஜாய்லினிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். ராஜபாளையம் ரோட்டில் பைக்கை ஓரமாக நிறுத்தி, அதன் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். சபைக் கமிட்டிக்குப் போனார் என்று ஜாய்லின் எல்லாரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் முகம்மது மைதீன் வந்தார். ஸ்கூட்டரில் ஒரு சிபியு.

"அண்ணாச்சி மாத்தக் கேட்டது, அக்கா. கொண்டாராம இருக்க மனசு கேக்கல."

"ஐயோ பாய், மெதுவா! பிள்ளைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. அங்கன மறைவா வைங்க."

மூன்றரை மணிக்கு வீடியோ ஓடியது. ஜெர்சோன் ஞானஸ்நான வீட்டில் சிரித்தார், குற்றாலத்தில் குளித்தார். கடைசியில் ஹெல்மெட்டோடு வாசலில் நின்று என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. மைதீனுக்கு நேற்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.

"மக மூணு நாளா எங்கிட்ட பேச மாட்டேங்கா, பாய். நல்லதா ஒண்ணு மாத்திக் குடுங்க. இன்னைக்காவது பேசிருவா."

ஜாய்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாவின் போனில் வீடியோ தேடியவள் இதையும் எடுத்திருக்கிறாள். தெரிந்துதான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் பாவி மக.

மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். "புதுச மாட்டிக் குடுத்துட்டுப் போறேன் மக்கா."

"வேண்டாம் மாமா. இதுவே இருக்கட்டும்."

கல்லறைத் தோட்டத்திலிருந்து அவர்கள் திரும்பியபோது, யாரும் அணைக்காத திரையில் ஜெர்சோன் வாயைத் திறந்தபடியே இருந்தார். ஜெமி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்ட்டியளாப்பா?" என்றாள்.