லூசு என்று சொன்னது

நான் சக்கரத்தைத்தான் சொன்னேன், அவரைச் சொல்லவில்லை. நட்டு லூசு என்று முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் பாதிதான் வாயில் வந்தது.

சத்யப்பிரியாவின் முன்னால் மேசையில் கடிதம் கிடந்தது. அவள் ஆயாவாகப் போகும் பள்ளி வேனின் உரிமையாளர் வேணுகோபால் அவள் சொல்வதுபோலத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். பிள்ளைகள் எதிரே டிரைவர் ராசாங்கத்தை லூசு என்று அவள் திட்டியதாகவும், அந்த ஆத்திரத்தில் அவர் நிதானம் தவறியதால் வேன் கவிழ்ந்ததாகவும் அதில் இருந்தது. யுகேஜி படிக்கும் ஒருத்திக்குக் கை முறிந்திருந்தது. சக்கரம் கழன்று ஓடியதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று காலை ஜெயங்கொண்டத்தில் வேனைப் பின்னால் எடுத்தபோது பின்சக்கரம் ஆடியதை அவள்தான் பார்த்தாள். வேனைத் தட்டி, "அண்ணே, லூசு, லூசு" என்றாள். ராசாங்கம் தலையை வெளியே நீட்டினார்.

"யாருடி லூசு? ஒங்கப்பனா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அப்பா டிராக்டர் மெக்கானிக். அந்த வீட்டில் லூசு என்றால் ஸ்பேனரைத் தேட வேண்டும், அவ்வளவுதான். அது மனிதர்களுக்கும் ஆகும் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகே முழுதாகத் தெரிந்துகொண்டாள். குழம்பில் உப்பு குறைந்தால் லூசு. சாவியை மறந்தால் லூசு. வேன் நிற்கும் இடத்தில் கொண்டுவந்து விடும்போதுகூடக் கணவன் மகேஷ் அப்படித்தான் கூப்பிடுவான். அவளும் பெயரைக் கேட்டதுபோலத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள். அன்று வாய் அடைத்துப் போனதும் அதனால்தான். சக்கரம் ஆடுகிறது என்று தெரிந்தே அத்தனை பிள்ளைகளோடு பேசாமல் உட்கார்ந்திருந்தாளே, அது குற்றம். அதை எழுதச் சொன்னால் எழுதித் தருவாள்.

போலீசுக்குக் கொடுக்கத்தான், வேலைக்கு ஒன்றும் வராது, கையெழுத்துப் போடு என்று சொல்லி வேணுகோபால் பேனாவை நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை. சுவரோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்த ராசாங்கம் குச்சியைத் துப்பினார்.

"சக்கரம்னு போயி சொல்லிப் பாரு. ஒன் புருசனே ஒன்ன லூசுங்கறான். ஒன் பேச்ச எவன் நம்புவான்?"

வேணுகோபால் சிரித்தார். முதலாளி சிரித்ததும் ராசாங்கமும் சிரித்தார்.

சத்யப்பிரியா பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்காமலே கடிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் வேணுகோபால் பக்கமே தள்ளினாள்.

"நட்டுதான் சார் லூசு. நான் போட மாட்டேங்க."