மார்ச் மட்டும்

யுமோதோ கோஸுகே எழுந்தான். அரிசி களைந்து குக்கரில் வைத்தான். பல் தேய்த்தான். வாசல் பனியை வாரி ஓரம் தள்ளினான். சோறு வெந்ததும் முதல் கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, மனைவி சயோவின் படத்தின் முன் வைத்து மணியைத் தட்டினான். மீதியை ஊறுகாயோடு நின்றபடியே சாப்பிட்டான். கிண்ணத்துச் சோறு ஆறியதும் அதையும் தேநீர் ஊற்றிச் சாப்பிட்டான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு கம்பெனிப் பதிவு எழுதிக் கொடுக்கும் மியாஜிமாவிடம் போனான். ஏப்ரலில் திறக்க அவனும் மனைவியும் சேர்ந்து போட்ட திட்டம், டயர் கடை. சயோ ஜனவரியில் போய்விட்டாள். திட்டம் போகவில்லை.

"எல்லாம் எழுதியாச்சு யுமோதோ சான். வருஷக் கணக்கு முடிக்கிற மாசம் மட்டும் பாக்கி. ஜூலைதானே?"

"மார்ச் போடுங்க சார்."

மியாஜிமா பேனாவை மூடினார்.

"டிசம்பர்ல உங்க வீட்டம்மா போன்ல என்னைப் பிடிபிடின்னு பிடிச்சாங்க, தெரியுமா? ஊரே மார்ச்ல முடிக்குதேன்னு நானும் மார்ச்னு எழுதிட்டேன். 'உங்க கார் தானா டயர் மாத்திக்குமா சார்'னு கேட்டாங்க." சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அவங்க சொன்னது நியாயம்தான். கணக்கு வருஷம் முடிஞ்சா சரக்கு எண்ணணும். மார்ச் கடைசியில பனி டயரைக் கழட்ட வண்டி வரிசையில நிக்கும், கோடை டயர் கூரை வரைக்கும் கெடக்கும். அதுக்கு நடுவுல எப்படி எண்ணுவீங்க? ஜூலைன்னா கடையில ஈ ஆடாது."

ஜூலை, சயோ கண்டுபிடித்த மாதம். கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஐஸ் தின்றுகொண்டே எண்ணிவிடலாம் என்பாள். அந்தத் தரையில் தனியாக உட்கார அவனால் ஆகாது. மார்ச் என்றால் நெரிசல் இருக்கும். பக்கத்தில் யார் இல்லை என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது.

"ஈ ஆடாது, அதான் சார் வேண்டாங்கறேன்."

மியாஜிமா அவனைப் பார்த்தார். பேனாவைத் திறந்து எழுதினார். "பின்னால மாத்திக்கலாம், பெரிய வேலையில்ல" என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். கோஸுகே முத்திரையை அழுத்தினான். கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

வெளியே மறுபடி பனி கொட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் திருப்பவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டபோது, "அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னா" என்றிருந்தான். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அப்படி எதுவும் சயோ சொல்லவில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, கதவருகில் தலையைத் திருப்பிச் சொன்னது இதுதான்:

"நான் இல்லாத நேரம் பாத்து மார்ச்னு போட்றாத. போட்டா நான் வந்து எண்ண மாட்டேன், ஆமா."