சிவப்புக் கோலிக்குண்டு

மொக்கம்மாளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. தேனிக்கு வெளியே இருந்த அந்த நூல் மில்லில் அவளை கேட் காவலுக்கு வைத்தது, இந்தக் குணத்தைக் கண்டுதானோ என்னவோ. சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஷிப்ட் விட்டு வரும் பெண்களைச் சோதித்து அனுப்ப வேண்டும். உள்ளே ஓடுவது நூல். இடுப்பில் செருகினால் வெளியே தெரியாது. பிடிபட்டால் அப்பாவைக் கேட்டுக்கு வரவழைத்து, வேலையை விட்டு நிறுத்தி அவர் கையோடு அனுப்பிவிடுவார்கள்.

எல்லோரையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால் மில் பஸ் மறுநாள்தான் கிளம்பும். அதனால் 2004-ல் புது ஏற்பாடு ஒன்று கொண்டுவந்தார்கள். பத்துப் பத்துப் பேராக வரிசை. துணிப்பை ஒன்றில் ஒன்பது வெள்ளைக் கோலிக்குண்டு, ஒரு சிவப்பு. ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். வெள்ளை வந்தவள் பஸ் ஏறலாம், சிவப்பு வந்தவள் தட்டி மறைப்புக்குள் போக வேண்டும். எடுத்த குண்டு அந்தப் பத்துப் பேரும் முடியும்வரை பைக்குத் திரும்பாது. ஆக, ஒருத்தி சிவப்பை எடுத்துவிட்டால் அவளுக்குப் பின்னால் நிற்பவர்களுக்குக் கவலை இல்லை.

நதியா என்று ஒரு பெண், தன் வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்பவள். அவளுக்குத் தினமும் சிவப்பே வந்தது. குருட்டு யோகம் ஒரு நாள் அடிக்கும், இரண்டு நாள் அடிக்கும், தினமுமா அடிக்கும்? அதுவும் இப்படிப்பட்ட யோகம் யாருக்கு வேண்டும்? மொக்கம்மாள் அவள் சடையைப் பிரித்துப் பார்த்தாள், தூக்குவாளியைக் கவிழ்த்தாள், செருப்பைத் தட்டினாள். ஓர் இழை இல்லை. நதியாவோ விருந்துக்கு வந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மத்தியானம் மொக்கம்மாள் தானே பையைத் துழாவிப் பார்த்தாள். சிவப்புக் குண்டில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, விரல் பட்டாலே தெரிந்தது. சரி, எடுப்பது இப்படித்தான். ஏன் எடுக்கிறாள்? வலிய வந்து சோதனைக்கு நிற்கிற ஆளை அவள் எங்கேயும் கண்டதில்லை.

வீட்டில் குழம்பு தாளிக்கும்போதும் இதே நினைப்பு. கடுகு கருகிப் போனது. அப்போதுதான் உறைத்தது, பார்க்க வேண்டியது நதியாவை அல்ல, அவளுக்கு அடுத்து நிற்கிறவளை என்று. அடுத்து நிற்பவள் எப்போதும் ஓவியா. காமயகவுண்டன்பட்டிப் பெண், நிமிர்ந்து பேசாத பிள்ளை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று மொக்கம்மாள் குதூகலமாகிவிட்டாள்.

மறுநாள் பழனிசெட்டிபட்டிப் பெட்டிக்கடையில் சிவப்புக் குண்டுகளாகப் பொறுக்கி வாங்கி இன்னொரு பையில் போட்டுக்கொண்டாள். செக்யூரிட்டி ஆபீசர் சுந்தர்ராஜிடம், இன்றைக்கு ஒரு திருடியைக் காட்டுகிறேன் பாருங்கள் என்று வேறு சொல்லிவைத்தாள். அவர் நாற்காலியைத் தட்டிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

நதியா வழக்கம்போல் சிவப்பை எடுத்தாள். ஓவியாவுக்கு மொக்கம்மாள் மற்ற பையை நீட்டினாள். உள்ளே அத்தனையும் சிவப்பு. கையில் வந்ததைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. மற்றவர்களைப் பழைய பைக்கு விட்டு பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேரையும் மறைப்புக்குள் கூட்டிப் போனாள்.

ஓவியாவின் இடுப்பில் ஒன்றுமில்லை. சுடிதார்க் கழுத்துக்குள் கையை விட்டபோது விரலில் ஒரு கயிறு தட்டியது. இழுத்தாள். மஞ்சள் கிழங்கு கட்டிய தாலி. கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும்தான் அந்த மில்லில் வேலை. தெரிந்தால் அதற்கும் அப்பாவைத்தான் வரச் சொல்வார்கள். மொக்கம்மாள் கயிற்றை விரலால் நெருடிப் பார்த்தாள். மஞ்சள் பூசியிருந்தாலும் அது தினமும் தான் பறித்து வைக்கிற அதே மில் நூல்தான்.

ஓவியா ஓசையில்லாமல் அழுதாள். நதியாதான் பேசினாள்.

"நாந்தேங்க்கா நூலை எடுத்து முறுக்கிக் குடுத்தேன். கயிறு வாங்கக்கூட நேரமில்ல. வீரபாண்டிக் கோயில்ல வச்சுக் கட்டிக்கிட்டாக. இவுக அப்பா இங்கன வந்தா இவளை உசுரோட விடமாட்டாக."

சட்டப்படி அது மில் சொத்து, பறித்து மேசையில் வைக்க வேண்டும். கழுத்தில் ஏறியதை எந்தக் கையால் கழற்றுவது? ஒரு பை கோலிக்குண்டை வாங்கி ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடிவிட்டோமே என்று மொக்கம்மாளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. இத்தனை நாள் சோறு இறங்காதது இதற்காகவா?

"என்ன மொக்கம்மா, கெடச்சுச்சா?" என்று வெளியே சுந்தர்ராஜ் குரல் கொடுத்தார்.

அவள் கயிற்றை மறுபடி உள்ளே தள்ளி, துப்பட்டாவை இழுத்து மூடினாள். ஓவியாவின் காதோரம் குனிந்தாள்.

"ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக் கயிறு மாத்துவாகள்ல, அன்னைக்கி நீயும் மாத்திரு. கடைக் கயிறா வாங்கு. இதை ஆத்துல விட்டுரு, தண்ணியோட போயிரும்."

வெளியே வந்து, ஒன்றுமில்லை, தான் சந்தேகப்பட்டதுதான் தப்பு என்று ஆபீசரிடம் சொன்னாள். காலையில் அவ்வளவு அளந்தாயே என்று அவர் சிரித்தார். பிறகு தட்டியைத் தாண்டி வந்த ஓவியாவைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"ஒண்ணும் இல்லேங்குற. பெறகு எதுக்கு அந்தப் புள்ள அழுகுது?"

மொக்கம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"திருடாத புள்ள மேல கைய வச்சேன்ல சார். அழுகாம என்ன செய்யும்?"

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் அறைப் பக்கம் நடந்தார். பெண்கள் இருவரும் பஸ் ஏறும்வரை மொக்கம்மாள் கேட்டிலேயே நின்றாள்.