பல் டாக்டரிடம் சொன்னது

நாற்பது வயதான தையற்காரி பல் பிடுங்க வந்திருந்தாள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், டாக்டர் பல்லை அசைத்ததும் வலியில் உயிர் போனது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தாள்.

சின்ன வயதில் அப்பா பெல்ட்டால் அடிக்கும்போது, "சத்தம் வந்துச்சு, இன்னும் ரெண்டு விழும்" என்பார். அம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். அப்பா செத்துப் பத்து வருஷமாகியும் பயம் விடவில்லை.

டாக்டர் மறுபடி அசைத்தபோது அவள் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"வலிக்குது டாக்டர்."

டாக்டர் உடனே நிறுத்திவிட்டார். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா! இன்னொரு ஊசி போடுறேன்."

சொன்னால் நிறுத்துவார்கள் என்பது அவளுக்குப் புதிது. தேம்பித் தேம்பி அழுதாள்.

"அவ்வளவு வலியா?"

"ஆமா," என்றாள், இம்முறை சத்தமாகவே.