ஈவாஞ்சலினின் முன் பிரேக்

பதினைந்து வருஷம் ஓடிய பைக்கின் பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் ஈவாஞ்சலின் மாட்டிக்கொண்டாள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையசைத்தார். முன் பிரேக் லிவரைப் பிடித்தபோது அது தளர்ந்துபோய்க் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. அதன் அடியிலிருந்து கசிந்த பிரேக் ஆயில் பட்டு, டேங்கில் கையகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருந்தது.

"இத வச்சுக்கிட்டா மேடம் ரோட்டுல போறீங்க? சரிபண்ணிட்டுத் திங்கக்கிழமை வாங்க. இல்லன்னா பதிவு கிடையாது."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பது அவளுக்கே தெரியும். ஆனால் வண்டி இல்லாமல் முடியாது. வீடு தூத்துக்குடிக்கு வெளியே இருக்கும் சின்ன ஊரான புதுக்கோட்டையில், வேலை டவுனுக்குள், சிறுநீரக ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில். காலை ஷிப்ட் நாளில் ஆறு மணிக்கு முதல் நோயாளியை மிஷினில் போட வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்பிப் பயனில்லை. அதற்கும் மேலே, அது அவள் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தன் பெயரில் வாங்கிய வண்டி.

மெக்கானிக் சொரிமுத்து லிவரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஆயிலத் தள்ளுத மாஸ்டர் சிலிண்டர் போச்சு சிஸ்டர். முழுசா மாத்தணும். இந்த மாடலுக்கு அது இப்ப வாரதே இல்ல."

"உள்ள இருக்க ரப்பர மட்டும் மாத்துனா என்ன அண்ணாச்சி?"

"ரப்பர் கிட்டு தனியா கெடைக்கும். ஆனா நான் போட மாட்டேன். இங்கன அடிக்க உப்புக்காத்துக்கு உள்ள அரிச்சிருக்கும். போட்டு, மறுபடி ஒழுகி, நீங்க எங்கயாவது போய் மோதுனா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"அப்ப அந்த ரப்பர் கிட்டு மட்டும் வாங்கித் தாங்க. நான் தொறந்து பாக்கேன். அரிச்சிருந்தா வண்டியத் தொடவே மாட்டேன்."

சனிக்கிழமை அவளுக்கு விடுப்பு. வாசலில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தாள். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலைபார்க்கும் கணவன் நேசக்குமார் காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏளா, மத்ததுல விளையாடு. பிரேக்குல விளையாடாத."

"விளையாடல. நீங்க வீடியோ எடுங்க. எது எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு எனக்கு வேணும்."

சிலிண்டருக்குள் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையம் துருவும் உப்புமாக இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, கூர்மூக்குக் குறட்டால் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். மூன்று தடவை வழுக்கியது. நாலாவது தடவை வளையம் வெளியே வந்தது. பின்னாலேயே பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வந்தன.

சிலிண்டரின் உட்புறத்தைத் துடைத்து டார்ச் அடித்தாள். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றினாள். எங்கேயும் மாட்டவில்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. துரு அந்த வளையத்தோடு நின்றுபோயிருந்தது.

"சிலிண்டர் நல்லாருக்குங்க. கெட்டது இதுதான்" என்று பிஸ்டனில் இருந்த ரப்பரைக் காட்டினாள். நகம் மாதிரி விறைத்து, ஓரத்தில் பிளந்திருந்தது.

புது ரப்பரைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து, விளிம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் இரண்டு தடவை சரிபார்த்துப் பொருத்தினாள். வளையம் 'டிக்'கென்று உட்கார்ந்தது. ஆயிலை ஊற்றினாள். இனி உள்ளே நிற்கும் காற்றை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது. நேசக்குமார் மேலே லிவரை அழுத்த, அவள் கீழே சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறுவதற்கென்று இருந்த நிப்பிளைத் திறந்து மூடினாள். ஒரு மணி நேரம் செய்தும் லிவர் கொழகொழவென்றே இருந்தது.

"காத்து போவ மாட்டேங்கு. சொரிமுத்து அண்ணாச்சிகிட்டயே தள்ளிட்டுப் போவோம்" என்றான் அவன். குரலில் கேலி இல்லை, கை வலித்திருந்தது.

ஈவாஞ்சலின் மேலிருந்து கீழே ஆயில் இறங்கும் பிரேக் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் ஃபில்டரில் காற்றை எடுக்க என்ன செய்வோம்? கீழேயிருந்து மேலே திரவத்தைச் செலுத்துவோம். காற்று தானாக மேலே ஏறிப் போய்விடும். இங்கே அதைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

"மெடிக்கல்ல போய் அம்பது மில்லி சிரிஞ்சு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சின்ன டியூபும்."

சிரிஞ்சில் ஆயிலை நிரப்பி, டியூபை நிப்பிளில் மாட்டி, மெதுவாக, நோயாளிக்கு மருந்து ஏற்றும் நிதானத்தில் மேல்நோக்கித் தள்ளினாள். மேலே ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேசக்குமார் குனிந்தான்.

"ஈவா, குமிழி வருது."

பெரிதாக ஒன்று, பிறகு கடுகு கடுகாக ஒரு கூட்டம். குமிழி நின்றதும் நிப்பிளை இறுக்கிவிட்டு எழுந்து லிவரைப் பிடித்தாள். பாதி தூரத்தில் கல்லாக நின்றது. நேசக்குமாரும் பிடித்துப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் லிவரை அழுத்தித் துணியால் கட்டி, கசிகிறதா என்று பார்க்க அடியில் கட்டுப் போடும் வெள்ளை காஸ் துணி வைத்தாள். ஆராதனை முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் அதை எடுத்து முகர்ந்தாள். சொட்டு ஈரம் இல்லை.

திங்கட்கிழமை ஆய்வாளர் வண்டியை ஓட்டிப் போய், திரும்பி வந்து, தரையில் போட்டிருந்த கோட்டுக்கு முன்னால் பிரேக் பிடித்தார். முன்பக்கம் ஒரு அமுங்கு அமுங்கி, வண்டி அப்படியே நின்றது.

"எந்த ஒர்க்‌ஷாப்?"

"நாந்தான் சார் மாத்துனேன்."

அவர் அவளை ஒரு தடவையும் லிவரை ஒரு தடவையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியான ஷிப்டுக்குப் போகிற வழியில் சொரிமுத்துவின் கடையில் நிறுத்தினாள். அவர் லிவரை அழுத்தி, அடியில் விரலால் தடவி, விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"ஏர் எப்படி எடுத்தீய?"

சொன்னாள். அவர் கடை மூலையில் சாய்ந்து நின்ற ஒரு பைக்கைக் காட்டினார்.

"அங்கன நிக்க வண்டிக்கு மூணு நாளா ஏர் போவல சிஸ்டர். ஷிப்ட் முடிஞ்சதும் ஒரு எட்டு வந்து காட்டித் தாரீயளா?"

"வாரேன் அண்ணாச்சி. சிரிஞ்ச மட்டும் வாங்கி வைங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள், தேவையே இல்லாத இரண்டு இடங்களில் பிரேக் பிடித்துப் பார்த்தாள்.