கரையேறிய புயல்

புயல் கரையேறியதும் அந்த வானிலை அலுவலகத்தில் செய்கிற முதல் காரியம், சுவரில் தொங்கும் சிவப்பு அட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சையை மாட்டுவதுதான். அன்றும் மேலதிகாரி தன் கையாலேயே மாட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து குச்சியால் பல்லைக் குடைந்தார். ராடார் திரைக்கு முன்னால் இருந்தவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

குச்சியால் மட்டுமல்ல. திரையில் புயல் சாகவில்லை. கடலை விட்டு வந்தால் புயலுக்குச் சோறு தண்ணீர் கிடையாது என்பது அவர்கள் காலங்காலமாகக் கட்டிக்கொண்டு அழும் கணக்கு. ஆனால் போன வாரம் விடாமல் பெய்த மழையில் உள்நாட்டு வயலெல்லாம் முழங்கால் தண்ணீர். அதன்மேல் இரண்டு நாளாகச் சுள்ளென்று வெயில். நிலமே கடல்போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைக் குடித்துக் குடித்து, தளர்ந்திருந்த சுழல் மறுபடி இறுகிக்கொண்டு வந்தது.

“சார், இது வலுக்குது. சிவப்பை மாட்டுங்க.”

“தரையில வந்து புயல் வளர்ந்து நான் பார்த்ததே இல்லம்மா. போன தடவை வீணா பயமுறுத்திட்டு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா? பேசாம உட்காரு.”

பச்சை என்றால் அறுந்த கம்பிகளைச் சரிசெய்ய மின்வாரிய ஆட்கள் கம்பம் ஏறுவார்கள். அவள் தம்பி லைன்மேன். அவள் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டு அவனைக் கூப்பிட்டாள்.

“உடனே இறங்குடா. புயல் திரும்ப வலுக்குது. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத, என் வேலை போயிடும்.”

சாயங்காலத்துக்குள் புயல் உள்நாட்டு ஊர்களைப் புரட்டிப் போட்டது. மேலதிகாரி முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு கேமரா முன்னால் நின்று, “யாருமே எதிர்பார்க்கல, நாங்க என்ன செய்ய முடியும்?” என்றார். இப்படியும் ஒரு ஜென்மமா என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

தம்பி போனில் வந்தான்.

“வயித்து வலின்னு பொய் சொல்லி இறங்கினேன்க்கா. ஃபோர்மேன் அண்ணன், ‘போய்ப் படுடா, உன் கம்பத்தையும் நானே பார்த்துக்கறேன்’னு ஏறினாரு. கம்பத்தோட விழுந்துட்டாரு. போயிட்டாருக்கா. உண்மையைச் சொல்லியிருந்தா அவரும் இறங்கியிருப்பாரே!”



“பச்சை மாட்டினது எங்க சாருடா,” என்றாள். “நான் என்ன செய்ய முடியும்?”

 அந்தப் பக்கம் அவன் காறித் துப்பும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டான்.