பெர்னதெத்தின் முதுகில் நாற்காலிகள்

என் மனைவி பெர்னதெத்தின் தலைக்குள் சிலர் குடியிருக்கிறார்கள். எல்லோர் தலையிலும் இருப்பவர்கள்தான். அவளுடையவர்கள் கொஞ்சம் தூக்கப்பிரியர்கள். ஊசி வைத்து, ஊசியில் கம்பி மாட்டி, மெல்லிய மின்சாரம் விட்டால்தான் எழுந்து வருவார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் தூத்துக்குடியில் டாக்டர் கோமதியின் அக்குபஞ்சர் அறைக்குப் போவோம். பெர்னதெத் பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை நீட்டுவாள். டாக்டர் முழங்காலைச் சுற்றி ஊசிகளை வைப்பார். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். மின்சாரம் மெதுவாகத் துடித்தால் அவள் காது வழியாகப் பெண்கள் இறங்குவார்கள். சுண்டுவிரல் உயரம், மெல்லிய பருத்திப் புடவை. வேகமாகத் துடித்தால் ஆண்கள் வருவார்கள். அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். யார் வந்தாலும் கழுத்து வழியே முதுகுக்குப் போய், அங்கே வரிசையாக இருக்கும் நாற்காலிகளில் உட்காருவார்கள். நாற்காலிகள் எல்லோர் முதுகிலும் உண்டு. துணி மறைத்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு முழங்கால் வலி அடங்கிவிடும். அதற்குக் காரணம் என் கைதான் என்று நான் நினைத்திருந்தேன். வெளியே சொன்னதில்லை. முதுகில் இருப்பவர்கள் கதை பேச வந்தவர்கள் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பெர்னதெத் ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"டாக்டர், இதை யாருக்குக் குடுக்கணும்? ஊசி உங்களோடது. கை இவரோடது. முதுகுல வேற ஆளுங்க இருக்காங்க. யாரால நடக்கேன்னு தெரியாமலே நடக்கக் கூடாதுல்ல."

டாக்டர் யோசித்தார். "ஒரு மருந்து இருக்குக்கா. அதைப் போட்டா முதுகுல இருக்கவங்க இடத்தை வேற ஆளுங்க பிடிச்சுக்குவாங்க. கொஞ்ச நேரம்தான். அப்பவும் வலி குறைஞ்சா, முதுகுல இருக்கவங்களுக்கு இதுல பங்கு இல்லைன்னு வச்சுக்கலாம். ஆனா வலிச்சாலும் வலிக்கும்."

"பரவாயில்லை, போடுங்க," என்றாள்.

புஜத்தில் மருந்து ஏறியது. சற்று நேரத்தில் அவள் ரவிக்கைக் கைக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஏறி வந்து, ஒரு நாற்காலி விடாமல் உட்கார்ந்தார்கள். யாரையும் பார்க்கவில்லை. எதுவும் செய்யவில்லை. மின்சாரம் மெதுவாகத் துடித்தது. பெண்கள் இறங்கி வந்து, இடமில்லாமல் நின்றார்கள்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. இது இவங்க இடம்," என்றேன். ஒருவரும் திரும்பவில்லை.

பெர்னதெத்தின் விரல்கள் என் கையை இறுக்கின. ஊசி, வைத்த இடத்திலேயே இருந்தது. மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் கையும் இருந்தது. அவள் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்கத்தான் செய்யுது."

"இதை முறிக்கிற மருந்து எதுவும் கிடையாதுக்கா, தானாத்தான் போகணும்," என்றார் டாக்டர். "ஊசியை மட்டும் எடுத்துரவா?"

"வேண்டாம். அவுங்க நின்னுக்கிட்டுதானே இருக்காங்க."

நின்றவர்கள் முந்தானையால் அவள் முதுகுக்கு விசிறினார்கள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் விசிறினார்கள். நான் என் கையைப் பார்த்தேன். அது வெறும் கையாக இருந்தது.

பிறகு வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக மெலிந்து, சாயம் போவதுபோல் போய்விட்டார்கள். பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்கள். முழங்காலிலிருந்து வலியின் கூச்சல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதல் நாற்காலிக்காரி அதை நிறுத்தி, என்ன ஏது என்று விசாரித்து, தண்ணீர் குடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். பெர்னதெத்தின் விரல்கள் தளர்ந்தன.

"அவுங்கதான்," என்றாள்.

நான் கையை எடுத்தேன். அவள் மறுபடி பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"அதை ஏன் எடுக்கிய?"

கடைசி நாற்காலியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். ஆரோக்கியம் என்று பெயராம். "அண்ணன் கையைப் பிடிச்சிருந்தா எங்களுக்குச் சீக்கிரம் முழிப்பு வந்துருது," என்றாள். அதற்குப் பிறகு நான் கையை எடுக்கவில்லை.

பெர்னதெத் மக்ரூனை நொறுக்கி, ஆளுக்கொரு துணுக்காகத் தோளுக்கு மேலே நீட்டினாள். டாக்டருக்கு முழுசாக ஒன்று கொடுத்தாள். எனக்கும் ஒன்று.

ஆட்டோவில் திரும்பும்போது ஆரோக்கியம் என் தோளுக்கு மாறி உட்கார்ந்து வந்தாள். ஸ்பிக் நகர் தாண்டியதும் என் காதிலிருந்து ஒருவன் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு ஊசி எதுவும் வைத்திருக்கவில்லை. நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கல்யாண ஓலை வாசித்தார். மணமகள், பெர்னதெத் தலையில் குடியிருக்கும் ஆரோக்கியம். மணமகன், பெர்னதெத்தின் கணவர் ரொமால்ட், அதாவது என் தலையில் குடியிருக்கும் சகாயம். மூன்று வாரம் வாசிப்பதில் இது முதல் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும். யாருக்கும் தடை எதுவும் தெரிந்திருக்கவில்லை.

"பொண்ணு அங்க வருதா, மாப்பிள்ளை இங்க வாராரா?" என்று பெர்னதெத் மெல்லக் கேட்டாள்.

"வீட்டோட மாப்பிள்ளை," என்று என் காதுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவள் முக்காட்டைச் சற்று விலக்கி, காதோர முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.